கடுகுப் பை

கரண்ட் போனதும் முதலில் சிரித்தது கோமதி அத்தைதான். "நாம வந்து உக்காந்தா போதும், டவுனுக்கே இருட்டு" என்றாள். தையல்கார பேபி அக்கா மிஷினிலிருந்து காலை எடுத்துக்கொண்டு, "மோட்டார் மிஷின் வேண்டாம்னு எங்க வீட்டுக்காரவ அன்னைக்கே சொன்னாவ, நான்தான் கேக்கல. இருங்க, இப்ப வந்துரும்" என்றாள். காற்றாடி அரை மனதோடு இன்னும் கொஞ்சம் சுற்றிவிட்டு நின்றது. நின்றதும் அந்த மாடியறைக்குள் மிஷின் எண்ணெய் வாசனையும் புதுத்துணிக் கஞ்சி வாசனையும் ஒன்றாக எழுந்தன. கீழே பாத்திரக்கடையில் யாரோ ஒரு குடத்தின் கழுத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருக்கும் சத்தம் இப்போதுதான் கேட்டது, டொக், டொக், ஒரு எழுத்து, ஒரு நிறுத்தம், அடுத்த எழுத்து. சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு, இங்கே, அனுசுயா இருக்கும்போதே. அனுசுயா, அத்தை மகள் ரஞ்சனியைக் கட்டிக்கொள்ளப் போகிறவரின் அக்கா. முகூர்த்தப் பட்டு அவர்கள் வீட்டில் எடுத்தது, அதனால் ஜாக்கெட்டுக்கு என்ன கழுத்து, என்ன கை என்று பார்க்க அவளும் வந்திருக்கிறாள். பெஞ்சில் அவள், பக்கத்தில் அத்தை, அப்புறம் ரஞ்சனி, சுவரோரம் நான். ஒரே ஒரு வாக்கியம் போதும். தன் உடம்பைப் பற்றி அத்தை இத்தனை வருஷமாக வாய்க்குள் அடக்கி வைத்திருப்பதை நான் சத்தமாகச் சொன்னால் போதும், ஒரு கல்யாணம் நின்றுவிடும், அத்தை கட்டிக் காத்த மானம் இந்த மரப்படிகளில் உருண்டு போய்ப் பாத்திரக்கடை வாசலில் விழும். அதை விழ வைக்கத்தான் வந்திருக்கிறேன். கல்லூரியில் என் எண்ணைக் கூப்பிடும்போது, வகுப்பில் இருந்துகொண்டே நான் வராதவளாகப் பதிவாகியிருக்கிறேன், எழுந்து நின்று 'இருக்கிறேன்' என்று சொல்லக் கூச்சப்பட்டு. அப்படிப்பட்டவளுக்கு ஒரு வசதி உண்டு. பேசாத வாய்க்குள் வாக்கியங்கள் பழசாவதில்லை. ஊறிக்கொண்டே இருக்கும்.

"இவளுக்கு மட்டும் உள்ள கப்பு வச்சுத் தைச்சிரு பேபி. கொஞ்சம் எடுப்பாவே இருக்கட்டும்." இதை அத்தை கரண்ட் போவதற்கு முன்பே சொல்லிவிட்டாள், என் தலைக்கு மேலாக, குரலைத் தாழ்த்தி. இரக்கப்படுகிறவர்கள் தாழ்த்துகிற அந்தக் குரல். பெண் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே மாம்பழ மஞ்சளில் சேலை எடுத்திருக்கிறாள் அத்தை, வாசலில் வரிசையாக நின்று பன்னீர் தெளிக்கும்போது ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று. அந்த வரிசையில் ஒரு தட்டை மஞ்சள் நிற்கக் கூடாது. எல்லோரும் அளவு ஜாக்கெட் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தாள். என் மடியில் இருக்கும் துணிப்பையில் என்னுடையதும் இருக்கிறது, போன வருஷத்து உடம்புக்கான அளவு. அம்மாதான் யோசிக்காமல் எடுத்து வைத்தாள், பையை மூடப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு, யோசித்து, ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். இப்போது வியர்க்கிறது. வியர்வை கழுத்தில் இறங்குவது தெரிகிறது, காறை எலும்பு வரை தெரிகிறது, அதற்குக் கீழே என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியாது. அங்கே தோல் இருக்கிறது, உணர்வு இல்லை. வயிற்றில் சுடிதார் ஈரமாக ஒட்டும்போதுதான் அது வழிந்து வந்த வழியை நான் கணக்குப் பண்ணிக்கொள்கிறேன். ஆனால் அரிப்பு மட்டும் வரும். இல்லாத இடத்தில் வரும். சொறிய விரலைக் கொண்டுபோனால் விரலுக்குக் கீழே பலகை மாதிரி ஒன்று, அதற்கும் மேலே காற்றில் எங்கோ அரித்துக்கொண்டிருக்கும். பத்துப் பேரில் ஏழு பேருக்குப் புற்று வரும் என்று டாக்டர் சொன்னார், உனக்கு அந்தக் கோளாறு ரத்தத்திலேயே இருக்கிறது, வருவதற்கு முன்னால் இரண்டு மார்பையும் எடுத்துவிட்டால் ரொம்பவும் குறையும், முழுக்க இல்லை என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. நான் தலையாட்டினேன். யோசிக்க நாள் வேண்டுமா என்றார். என் கூடப்பிறந்த உலகு அக்கா அதில் செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை, எனக்கு யோசிக்க என்ன இருந்தது.

நல்லா இருக்கறதைப் போய் எவளாவது வெட்டிக்குவாளா. கல்யாணம் ஆவாத பொண்ணு. இனி எவன் வருவான். இதெல்லாம் சொந்தக்காரர்கள் அம்மாவிடம் வந்து சொன்னது. அத்தை வேறு மாதிரி சொன்னாள். "படிச்ச கொழுப்பு" என்றாள். வீட்டுக் கூடத்தில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, காப்பியை ஆற்றிக்கொண்டே, "நம்ம வீட்டுல எந்தப் பொம்பளைக்கு இப்படி வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்? இவளுக்கு மட்டும் வந்துருமாக்கும்" என்றாள். அன்றைக்கு அந்தக் காப்பி டம்ளரைப் பிடித்திருந்தது வலது கை. இடது கை மடியில் முந்தானைக்கடியில் கிடந்தது. அத்தையின் இடது கை எப்போதும் முந்தானைக்கடியில்தான் கிடக்கும். நான் பேசாதவள், ஆனால் பார்ப்பேன். சின்ன வயதிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இடது கையில் மட்டும் வளையல் போட மாட்டாள், நீர் கோத்துக்குது, ஏற மாட்டேங்குது என்பாள். ஊசி போட வந்த நர்ஸிடம் வலது கையைத்தான் நீட்டுவாள். பரணிலிருந்து பாத்திரம் எடுக்க என்னைக் கூப்பிடுவாள். குற்றாலத்துக்குப் போனால் எல்லோரும் அருவிக்குள் நிற்க, அத்தை மட்டும் பாறையில் துணிமணிகளுக்குக் காவல். இதையெல்லாம் நான் பார்த்தேன், ஆனால் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் அத்தையின் ஒவ்வொரு குணம் என்று நினைத்துக்கொண்டேன்.

உலகு அக்காவுக்குப் பெயர் உலகம்மை. அந்தப் பெயரை ஆபீஸில் யாரும் ஒழுங்காகச் சொல்வதில்லை என்று சிரிப்பாள். பிள்ளை பெற்று வந்திருந்தபோது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஒரு நல்ல மிளகு அளவு, என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினாள், எனக்குக் கூச்சமாக இருந்தது, சட்டென்று விரலை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கும் அந்த விரல் அந்த மிளகை மறக்கவில்லை. அப்பா அப்போது இல்லை, நெஞ்சுவலியில் போய்விட்டார். அம்மாவுக்கு ஆஸ்பத்திரி என்றால் வாய் வராது. அதனால் அத்தைதான் கூட வந்தாள், முன்னால் நின்று பேச. நானும் போனேன், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. அந்த டாக்டர் நல்ல வயசானவர், கையெழுத்து மாதிரியே பேச்சும் வேகம். "குடும்பத்துல யாருக்காவது மார்புல கட்டி, ஆபரேஷன், அப்படி ஏதாவது உண்டா? அம்மா வழியில? அப்பா வழியில?" என்று கேட்டார். அம்மா வழியில் தெரியலியே என்றாள் அக்கா. அப்பா வழிக்கு அத்தையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தை ஒரு கணமும் எடுத்துக்கொள்ளவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர். அவ அப்பாவுக்கு நான் ஒருத்திதான் கூடப்பொறந்தவ. நான் இந்தா கல்லு மாதிரி இருக்கேன்லா" என்றாள். டாக்டரும் சிரித்தார். அப்படின்னா பால்கட்டிதான், பிள்ளை பால் மறக்கட்டும், அப்பவும் இருந்தா வாங்க என்றார். பிள்ளை பால் மறப்பதற்குள் அது கக்கத்துக்குப் போயிருந்தது. இந்தா கல்லு மாதிரி இருக்கேன்லா. இந்தா. அந்த 'இந்தா'வில் அத்தை தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாளா, இல்லை வெறும் கையை விரித்தாளா என்பது மட்டும் எனக்கு ஞாபகம் வர மாட்டேன் என்கிறது. பிள்ளை அழுதது, நான் குனிந்துவிட்டேன். எத்தனை தடவை அந்த அறைக்குள் திரும்பப் போய்ப் பார்த்தும் அந்த இடத்தில் பிள்ளை அழுகிறது, நான் குனிகிறேன். தொட்டுக் காட்டியிருந்தால் எதைத் தொட்டிருப்பாள் என்று இப்போது எனக்குத் தெரியும். கடுகை.

எனக்கு ஆபரேஷன் முடிந்து மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தை பார்க்க வந்தாள். இரண்டு விலாவிலும் குழாய், குழாயின் முனையில் தக்காளி ரசம் நிறத்தில் ஏதோ நிறைந்துகொண்டிருக்கும் ஒரு குடுவை. அம்மா மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தாள். அத்தை கதவைச் சாத்திவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் எடுத்தாள். பிரித்தால், மெத்தென்ற வெள்ளைப் பருத்தியில் தைத்த இரண்டு பைகள், உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் பொடித் தையல். பிறந்த பிள்ளைக்குத் தலை வைக்கக் கடுகுத் தலையணை தைப்போமே, அந்த மாதிரி. கையில் எடுத்தால் மணிமணியாக நகர்ந்தது. "காயம் ஆறுன பெறகு ஜாக்கெட்டுக்குள்ள வச்சுக்க" என்றாள் அத்தை. முகத்தில் அப்படி ஒரு கனிவு, நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. "கடைக்காரன் பஞ்சு வச்சது தருவான், வாங்காத. பஞ்சு லேசுல்லா, கையத் தூக்குனா மேல ஏறிக்கும், நாலு பேர் முன்னால சரி பண்ணவா முடியும்? கடுகுன்னா எடை சரியா இருக்கும், தானா அந்த எடத்துல உக்காந்துக்கும். வேர்வை பட்டா வாடை வரும், அப்பப்ப வெயில்ல போட்டு மாத்திக்க." சொல்லிவிட்டு என் நெற்றியில் திருநீறு பூசினாள், போய்விட்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். வலி மருந்தில் எல்லாமே மிதந்தது. தானா அந்த எடத்துல உக்காந்துக்கும். பஞ்சு மேல ஏறும் என்று யாருக்குத் தெரியும்? யாரும் அதை எங்கும் படிக்க முடியாது. ஏறியதைக் கூட்டத்தில் உணர்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, முகம் மாறாமல் நின்ற ஒருத்திக்குத்தான் தெரியும். அப்போதுதான் வளையல் ஏறாத கை, குற்றாலத்துப் பாறை, பரண், நர்ஸ், எல்லாம் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மாமா அத்தையைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், கர்ப்பப்பையை எடுத்தாச்சு என்று வந்து சொன்னார்கள். ரஞ்சனி அப்போது ஹாஸ்டலில். நாங்கள் எல்லோரும் ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோம், அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். எடுத்தது கர்ப்பப்பை இல்லை, இடது மார்பு. இரக்கப்பட்டுத்தான் மாட்டிக்கொண்டாள் அத்தை. பொல்லாப்பில் மாட்டவில்லை. அவள் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டது, அதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரித்தால் தையல் போட்ட இடம் இழுக்கிறது.

அதற்கப்புறமும் நான் சொல்லவில்லை. உறுதியாகத் தெரிய வேண்டும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். அம்மா அத்தனை நாளும் தன் ரத்தம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சித்தி ஒருத்தி வயிற்றில் கட்டி வந்து இறந்தாளாம், அதைப் பிடித்துக்கொண்டாள். உலகு அக்காவின் படத்துக்கு விளக்கேற்றும்போது மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு முணுமுணுப்பு. கல்யாணங்களுக்குப் போவதை விட்டாள், தாலி கட்டும் நேரத்தில் தன் நிழல் விழக் கூடாது என்கிற மாதிரி. நான் விடாமல் இழுத்துப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வைத்தேன். போன வாரம் முடிவு வந்தது. அம்மாவிடம் அந்தக் கோளாறு இல்லை. நான் சொன்னதும் அரிவாள்மணையில் வெண்டைக்காயைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்ப, நான் இல்லையா?" என்றாள். அவ்வளவுதான். மறுபடி வெண்டைக்காயை எடுத்தாள். அன்றிலிருந்து நான் மனசுக்குள் விதவிதமாக நடத்திப் பார்க்கிறேன். மண்டபத்தில் மைக்கைப் பிடுங்கிச் சொல்வது. ஆரத்தித் தட்டில் அந்த இரண்டு பைகளையும் வைத்து நீட்டுவது. மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இருக்கும்போது அத்தையின் இடது கையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் மேலே தூக்குவது, இவ்வளவுதான் தூக்க முடியும் அத்தைக்கு, பாருங்கள். ஒவ்வொன்றிலும் அத்தையின் முகம் உடைகிற இடத்தை நான் மெதுவாக்கி மெதுவாக்கிப் பார்க்கிறேன், எனக்கு அது பாயசம் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு இடத்தில் இடிக்கிறது. ரஞ்சனி. அத்தைக்கு இருந்தால் ரஞ்சனிக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. நானும் அவளும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள், கூப்பிடும்போது அவள் எனக்கு ஏட்டி, நான் அவளுக்கு ஏட்டி. நான் மைக்கைப் பிடுங்குகிற காட்சியில் அவள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் முகத்தை மட்டும் நான் கறுப்பாக்கி வைத்திருக்கிறேன்.

"என்னட்டி இப்படி வேர்க்கு ஒனக்கு?" ரஞ்சனி கையிலிருந்த சேலை அட்டையால் எனக்கு விசிறினாள். "தொப்பு தொப்புன்னு நனைஞ்சிட்ட. தண்ணி குடிக்கியா?" வேண்டாம் என்று தலையாட்டினேன். அவளைப் பேபி அக்கா ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு, கைக்கு ஜரிகை வைத்துப் பார்த்தாள். "முழங்கை வரை வைக்கவா, கொஞ்சம் மேல நிறுத்தவா?" ரஞ்சனி கையைத் தூக்கிக் காட்டினாள், இரண்டு கையும் காதுக்கு மேலே, எவ்வளவு சுலபமாகத் தூக்குகிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு கை தூக்க வரட்டும் என்று நான் சுவரில் விரலால் ஏறி ஏறிப் பழகிய உயரம் அது, இன்னும் எட்டவில்லை. அவள் கையைத் தூக்கி நிற்கிறாள், ஜன்னல் வெளிச்சம் அவள் விலாவில் விழுகிறது, என் விரலுக்கு மிளகு ஞாபகம் வருகிறது. அங்கே ஒன்றும் இல்லாமல்கூட இருக்கலாம். அல்லது இப்போதே இருக்கலாம். நான் பாயசம் குடித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் அனுசுயா அத்தையிடம் சாய்ந்தாள். மெதுவாகப் பேசுவதாக அவளுக்கு நினைப்பு. "இந்தப் பிள்ளைக்குத்தான ஆபரேசன் ஆச்சு? தப்பா நினைக்காதீய, எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னாவ. இது வம்ச வழியா வர்றதுன்னு சொல்லுதாவளே, உங்க வழியில யாருக்கும்..." அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சேச்சே. எங்க வழியில அப்படி ஒண்ணும் கிடையாது. எல்லாம் இவ அம்மா வழி. அவ சித்தியே இதுலதான் போனா. எங்கண்ணன் பாவம், நல்ல எடம்னு நம்பிப் பொண்ணு எடுத்தான், ரெண்டு பிள்ளைகளுக்கும் அவ ரத்தம் வந்து இப்படி ஆயிட்டு." அதே வேகம். ஒரு கணமும் எடுத்துக்கொள்ளாத அதே வேகம். அம்மா இப்போது வீட்டில் என்ன செய்துகொண்டிருப்பாள், துணி மடித்துக்கொண்டிருப்பாள். அப்ப, நான் இல்லையா. மைக், ஆரத்தித் தட்டு, பழகி வைத்திருந்த ஒரு வாக்கியமும் வரவில்லை, வேறு ஏதோ ஒன்று வந்தது, நான் கேட்டிராத சாதாரணக் குரலில், அடுக்களையில் சந்தேகம் கேட்கிற குரலில். "அத்தை, அந்தக் கடுகை எத்தனை நாளைக்கு ஒருக்க மாத்துவீங்க?"

அனுசுயாதான் பதில் சொன்னாள். "கடுகையா? டப்பாவுல போட்டு இறுக்கி மூடிருங்க, ஒண்ணும் ஆவாது. எங்க வீட்டுல வருசக்கணக்கா கிடக்கு." அத்தையின் முகம் உடையவில்லை, நான் நினைத்து வைத்திருந்த எந்த மாதிரியும் ஆகவில்லை. அவளுடைய வலது கை மட்டும் மெல்ல ஏறி முந்தானையை இடது பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டது, பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில், அவளைக் கேட்காமலே. பிறகு எழுந்தாள். "வா, ஒனக்கு அளவு பாக்கணும்லா" என்று என் முழங்கையைப் பிடித்து, மூலையில் திரை போட்டிருந்த மறைப்புக்குள் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே இரண்டு பேர் நிற்கத்தான் இடம். ஒரு கண்ணாடி, ஆணியில் யாருடையதோ ஒரு பாவாடை. அத்தையின் மூச்சில் வெற்றிலை வாசனை. "என்னட்டி பண்ணுத நீ? யாரு சொன்னா ஒனக்கு?" என்று கிசுகிசுத்தாள். நானும் குரலை எழுப்பவில்லை. "நீங்கதான் அத்தை. பஞ்சு மேல ஏறும்னு சொன்னீங்கல்லா." அவள் என்னையே பார்த்தாள். "அம்மா ரத்தத்துல ஒண்ணும் இல்ல. போன வாரம் தெரிஞ்சிட்டு. அப்பா வழிதான். அப்பாவும் நீங்களும்தான் வழி." அத்தையின் கண்கள் நிறைந்தன, அது எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் போதவில்லை. "எங்கண்ணனுக்கே தெரியாதுட்டி, சத்தியமா. அப்பதான் உலகுக்கு ஜாதகம் எடுத்திருந்தான். தெரிஞ்சா எவன் வாசல் மிதிப்பான்? ரஞ்சனிக்கு மட்டுமா, அவளுக்கும் சேத்துத்தான நான் வாயப் பொத்திக்கிட்டேன்." அது உண்மையாகக்கூட இருக்கலாம். தலையணையைக் கடித்துக்கொண்டு இவள் அந்த வலியைத் தனியாகத் தின்றிருக்கலாம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, இவளை வெறுக்கக்கூட என்னை முழுசாக விட மாட்டேன் என்கிறாளே. "டாக்டர் கேட்டப்ப அக்காவுக்குக் கல்யாணம் முடிஞ்சு பிள்ளையும் பெத்தாச்சே அத்தை. அப்ப யாருக்காகப் பொத்துனீங்க?" என்றேன். கீழே பெயர் வெட்டுகிறவன் வெட்டிக்கொண்டே இருந்தான். அத்தையின் வாய் திறந்து மூடியது. நான் அந்த வாயைப் பார்த்தேன், கண்ணை எடுக்காமல் பார்த்தேன், அக்காவுக்காகவும் பார்த்தேன்.

"ரஞ்சனிக்கு ரத்தம் பாக்கணும்." "பாப்போம்ட்டி. கல்யாணம் முடியட்டும்." "பிள்ளை பால் மறக்கட்டும்னும் சொன்னாவ." அத்தை என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணாடியில் சாய்ந்துகொண்டாள். "நின்னு போயிரும்ட்டி சங்கரி. சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சு. அந்தப் பிள்ளை அவன்மேல உசுரா இருக்கா." நிற்கட்டும் என்றேன். நின்றால் நின்ற கல்யாணம்தான், செத்த கல்யாணம் இல்லை. "நீங்க சொல்லுதீங்களா, நான் வெளிய போய்ச் சொல்லவா? நீங்க சொன்னா ரஞ்சனிக்கு மட்டும் தெரியும். மத்தது அவ பாடு, மாப்பிள்ளை பாடு. நான் சொன்னா அனுசுயாக்கா காதுலயும் விழும்." என் குரல் நடுங்கவே இல்லை. எங்கிருந்து வந்தது இது, இத்தனை நாளும் எங்கே இருந்தது. "எனக்கு எப்படிட்டிச் சொல்லத் தெரியும்" என்றாள் அத்தை, ஒரு சின்னப் பெண் மாதிரி. "பெத்த பிள்ளைகிட்ட நான் என்னன்னு ஆரம்பிப்பேன்?" "சொல்ல வேண்டாம் அத்தை" என்றேன். "காட்டுங்க." சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. இதைவிடக் கொடியதை நான் எந்த ராத்திரியிலும் யோசித்திருக்கவில்லை. அத்தை வெகுநேரம் என் நெஞ்சைப் பார்த்தாள், அந்த நனைந்த தட்டைத் துணியை. பிறகு சேலை ஊக்கைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, திரையை விலக்காமலே கூப்பிட்டாள். "ஏட்டி ரஞ்சனி. செத்த உள்ள வா."

நான் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். ரஞ்சனி என்னைக் கடந்து சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அனுசுயா, அத்தை நின்ற மறைப்பைக் காட்டி, "அவ்வொளுக்கும் புதுசு தைக்காவளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கரண்ட் வந்தது. காற்றாடி சுற்றியது, பேபி அக்கா அப்பாடா என்று மிதியை அழுத்தினாள், மோட்டார் சத்தத்தில் மூலையிலிருந்து எதுவும் கேட்கவில்லை. திரை ஒரு தரம் அசைந்தது. அதற்குக் கீழே நாலு பாதங்கள். ரஞ்சனியின் பாதங்கள் ஒரு அடி பின்னால் போயின. அப்புறம் முன்னால் வந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அக்காவின் மிளகுக்கு, அம்மாவின் முணுமுணுப்புக்கு, கல்லு மாதிரி இருக்கேன்லாவுக்கு. ஆனால் நெடுநேரம் இருக்கும் என்று நினைத்த சந்தோஷம் காப்பி குடிக்கிற நேரம்கூட இல்லை. மன்னிப்பு என்று ஒன்று உள்ளே எங்காவது கிடக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். இல்லை. அந்த இடமும் மரத்துத்தான் போயிருந்தது.

ரஞ்சனி மட்டும் வெளியே வந்தாள். அனுசுயா ஜரிகை பார்க்க மிஷின் பக்கம் போயிருந்தாள். ரஞ்சனி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், என்னைத் தொடாமல், நடுவில் ஒரு கை இடம் விட்டு. "ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றாள். "ஆஸ்பத்திரியில கிடந்தப்ப." "அது கல்யாணம் பேசுறதுக்கு முந்தி." "ஆமா." "இத்தனை நாளும் எங்கூட பேசிட்டுத்தான இருந்த. சேலை நிறம் கேட்டேன், மஞ்சள் நல்லா இருக்கும்னு சொன்ன." நான் தலையைக் குனிந்தேன். "எங்கம்மாவ அழ வைக்க நேரம் பாத்துட்டு இருந்தியாக்கும்?" அம்மாவின் முடிவு வரக் காத்திருந்தேன் என்று சொல்லியிருக்கலாம், அதிலும் பாதி உண்மை இருந்தது. "ஆமா" என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள். அந்தக் கண்களை நான் அறிவேன், வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் ராத்திரி ராத்திரியாக நானே பார்த்த கண்கள். "நீ ஒரு பேய்ட்டி" என்றாள், சத்தமில்லாமல். பிறகு சேலை அட்டையை மடியில் வைத்து, அதன் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள். "ரத்தம் எங்க போய்க் குடுக்கணும்?" சொன்னேன். நாளைக்கேவா என்றாள். நாளைக்கே என்றேன். அவள் தலையசைத்தாள், எழுந்து அனுசுயாவிடம் போய், முழங்கைக்கு மேலேயே நிறுத்திருங்க மைனி என்று சிரித்துச் சொன்னாள், அத்தையின் மகள்தான். இனிமேல் அவள் என்னோடு பேச மாட்டாள். எந்த விசேஷத்துக்கும் கூப்பிட மாட்டாள், எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போவாள். போகட்டும். வெறுக்கட்டும். தலை நரைக்கும் வரை, பல் ஆடும் வரை, பேரன் பேத்திகளிடம் சங்கரி என்று ஒரு பேய் இருந்தாள் என்று சொல்லிச் சொல்லி வெறுக்கட்டும். அத்தனை வருஷமும் அவள் இருக்க வேண்டும்.